வானம் பார்த்த பாறை

கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங்கைத் தாண்டி, கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கிறது திரிங்காப். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டங்கள். மண்வாரி இயந்திரம் புதிதாக மலையை வெட்டிய இடங்களில் செம்மண் சுவர் அப்பட்டமாகத் தெரியும். அந்தச் சுவருக்குள்ளே உருண்டை உருண்டையாகக் கருங்கற்கள் பதிந்திருக்கும். சில தலையணை அளவு, சில லாரி அளவு.

அதைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். இவ்வளவு பெரிய கல்லை இந்த உயரத்தில் கொண்டுவந்து புதைத்தது எது? பனியுகம் பற்றிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள். விடியற்காலையில் இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியவில்லையே, ஒரு காலத்தில் இந்த மலையையும் பனி மூடியிருந்ததா? அந்தப் பனிதான் இந்தக் கற்களை உருட்டிப் போட்டதா?

நியாயமான கேள்விகள். உலகின் பல மலைகளில் பெரும்பாறைகளைச் சுமந்து வந்து இறக்கியது பனியாறுதான். பனியாறு என்றால், ஆண்டாண்டாக விழுந்து இறுகிய பனிக்கட்டி தன் எடையாலேயே பள்ளத்தாக்கு வழியே மெல்ல நகர்ந்து வருவது. அது கல்லைத் தூக்கும், பாறையைத் தேய்க்கும், உருகிப் பின்வாங்கும்போது சுமையை அங்கங்கே விட்டுப் போகும். விட்டுப் போனது எப்போது என்பதை அந்தக் கல்லிடமே கேட்டு அறிய முடியும். அது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

திரிங்காப் கல் எங்கிருந்தும் வரவில்லை

முதலில் நம் செம்மண் சுவருக்கு விடை சொல்லிவிடலாம். கேமரன் மலை, தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடரைச் சேர்ந்தது. அதன் உடல் கருங்கல், அதாவது கிரானைட். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு ஆறி இறுகி உண்டானது அது. மேலிருந்த பாறைகள் கரைந்து போன பிறகே வெளியே தலைகாட்டியது.

கிரானைட்டில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் உண்டு. கேமரன் மலையில் மழைக்குக் குறைவில்லை. விரிசல் வழியே இறங்கும் நீர் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது, இரும்பைத் துருவாக்குகிறது. மண்ணின் சிவப்பு அந்தத் துரு. ஒரு பாறைத் துண்டின் சமதளத்தை நீர் ஒரு பக்கம் தாக்கினால், விளிம்பை இரண்டு பக்கமும் மூலையை மூன்று பக்கமும் தாக்கும். அதனால் மூலைகள் முதலில் உதிர்கின்றன, நடுவில் உருண்டைக் கல் மிஞ்சுகிறது. திரிங்காப்பில் வெட்டிய சுவரருகே போய்ப் பார்த்தால் கல்லின் மேல்பகுதி ஏடு ஏடாக உரிவது தெரியும். கையால் பிய்த்தால் உதிர்ந்துவிடும். அந்தக் கல்லை யாரும் சுமந்து வரவில்லை. பிறந்த இடத்திலேயே, மண்ணுக்குள்ளேயே உருண்டை ஆனது அது.

பனியாறு சுமந்து வந்த கல்லின் அடையாளங்கள் வேறு. அதன் பக்கங்கள் பட்டை தீட்டியதுபோல் தட்டையாக இருக்கும். கீறல்கள் இருக்கும். பல சமயம் அது உட்கார்ந்திருக்கும் தரையின் பாறை ஒரு இனம், அது வேறொரு இனமாக இருக்கும். இவற்றில் எதுவும் கேமரன் மலையில் இல்லை.

மலேசியாவில் பனி மூடிய மலை

ஆனால் மலேசியாவிலேயே பனியாறு இருந்த மலை ஒன்று உண்டு. சபா மாநிலத்தின் கினாபாலு. உயரம் 4,095 மீட்டர். அதன் உச்சிப் பீடபூமியில் ஏறியவர்கள் பரந்த வழவழப்பான பாறைத் தளத்தைப் பார்த்திருப்பார்கள். 1960களில் கூப்மன்ஸ், ஸ்டாஃபர் என்ற இரு நிலவியலாளர்கள் அங்கே பனிக்கட்டி தேய்த்த தளங்களையும், ஒரே திசையில் ஓடும் கீறல்களையும், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் உடைந்தும் நிற்கும் பாறை முண்டுகளையும் விவரித்து எழுதினார்கள். தளத்துக்கு மேலே கழுதைக் காதுகள் என்று பெயர் பெற்றவை போன்ற கூர்முனைச் சிகரங்கள் நிற்கின்றன. பனிக்கவிகை தளத்தை மூடியிருந்தபோது இவை அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. பனி எட்டாததால் கூர்மை மழுங்கவில்லை.

கேமரன் மலைக்குக் கிடைக்காத பனி கினாபாலுவுக்கு எப்படிக் கிடைத்தது? உயரம்தான் காரணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வெப்பமண்டல மலைகளில் இன்றைவிட ஐந்தாறு டிகிரி குளிர் கூடுதல். அதாவது பனிக்கோடு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே இறங்கியது. கினாபாலுவின் உச்சி அந்தக் கோட்டுக்கு மேலே வந்தது. சுமார் 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் சிகரம் அப்போதும் கோட்டுக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கும் கீழேதான் கிடந்தது. அந்தக் காலத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்து, தீபகற்பமும் போர்னியோவும் ஒரே நிலமாக இருந்தன. கேமரன் மலை இருக்கும் பகாங்கிலிருந்து கினாபாலு அடிவாரம் வரை கால்நடையாகவே போயிருக்கலாம். போய்ச் சேர்ந்தவர் தலைக்கு மேலே வெள்ளைப் பனியைப் பார்த்திருப்பார்.

செடி வந்த நாளும் பனி போன நாளும்

அந்தப் பனி எப்போது போனது? 1978இல் ஃப்ளென்லி, மோர்லி என்ற இரு ஆய்வாளர்கள் கினாபாலுவின் மேற்பகுதியில் தேங்கிய படிவை எடுத்து, கதிரியக்கக் கார்பன் முறையில் வயது கணித்தார்கள். விடை சுமார் 9,200 ஆண்டுகள்.

இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். கார்பன் முறைக்கு ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருள் வேண்டும்: மரத்துண்டு, வேர், இலைச்சேறு. பனி போனதும் அங்கே வெறும் பாறைதான் இருக்கும். பள்ளத்தில் நீர் தேங்கி, பாசி வந்து, செடி முளைத்து, மக்கிச் சேறாகப் படிய எவ்வளவு காலம் ஆனது? நூறு ஆண்டாகவும் இருக்கலாம், சில ஆயிரம் ஆண்டாகவும் இருக்கலாம். எனவே 9,200 என்பது பனி போய்க் குறைந்தது இவ்வளவு காலமாவது ஆகியிருக்கும் என்கிறது. பனி போன நாளே வேண்டுமென்றால் பாறையைத்தான் கேட்க வேண்டும்.

பாறையின் பிறப்பு வயதைக் கேட்டும் பயனில்லை. கினாபாலு கிரானைட் எழுபது, எண்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் இறுகியது. அது எப்போது பிறந்தது என்பது நமக்குத் தெரிகிறது. அதன் மேல்பரப்பு எப்போது வானத்தைப் பார்த்தது என்பதே நமக்கு வேண்டிய வயது. இதை வெளிப்பாட்டு வயது என்று அழைப்போம்.

வானிலிருந்து விழுபவை

1912 ஆகஸ்ட் 7. ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி ஐயாயிரம் மீட்டருக்கு மேல் சென்றார். காற்றில் மின்னூட்டத்தை உண்டாக்கும் கதிர்வீச்சு தரையிலிருந்து வருவதாகவே அப்போது பலரும் எண்ணினார்கள். அப்படியானால் மேலே போகப் போகக் குறைய வேண்டும். ஹெஸ்ஸின் கருவி கூடுதலாகக் காட்டியது. கதிர் மேலேயிருந்துதான் வருகிறது. இந்த அண்டக் கதிர்களைக் கண்டறிந்ததற்காக 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விண்மீன்கள் வெடிக்கும் இடங்களிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் வரும் வேகமான துகள்களே அண்டக் கதிர்கள். அவை காற்றிலுள்ள அணுக்களில் மோதி உடைக்கின்றன. உடைந்த சில்லுகள் அடுத்த அணுக்களை உடைக்கின்றன. இப்படிப் பெருகித் தரைக்கு வருவனவற்றில் நியூட்ரான்களும் மியூவான் என்ற துகள்களும் உண்டு. உதகமண்டலத்தில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கூரைக்கு மேல் எந்நேரமும் பொழிந்துகொண்டிருப்பது இதுதான்.

தரைக்கு வந்த வேகமான நியூட்ரான் பாறையில் என்ன செய்யும்? கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற கனிமம் உண்டு, நம் ஊரில் வெங்கச்சங்கல் என்பார்களே, அது. அதில் இருப்பவை சிலிக்கான், ஆக்சிஜன் இரண்டுதான். ஓர் ஆக்சிஜன் அணுவின் கருவில் நியூட்ரான் மோதினால் கரு சிதறும். மிச்சமாகச் சில சமயம் பெரிலியம்-10 என்ற அணு உண்டாகும். உலகில் கிடைக்கும் சாதாரண பெரிலியம் எடையில் 9. இது அதன் ஓரிடத்தான், அதாவது அதே தனிமம், எடை மட்டும் வேறு. பூமியின் ஆழத்தில் குவார்ட்ஸ் படிகம் உருவாகும்போது அதனுள் பெரிலியம்-10 இருப்பதில்லை எனலாம். பின்னால் இருந்தால், அது வானத்தின் கீழ் இருந்த காலத்தில் சேர்ந்தது.

சேரும் அளவு மிகச் சிறியது. கடல்மட்டத்தில், துருவத்தை ஒட்டிய நாடுகளில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஓராண்டு முழுவதும் உண்டாவது சுமார் நான்கு அணுக்கள். மலையில் ஏறினால் தலைக்கு மேல் காற்று குறைவு, ஆகவே எண்ணிக்கை கூடும். நிலநடுக்கோட்டருகே பூமியின் காந்தப்புலம் கதிர்களில் ஒரு பகுதியைத் திருப்பி விடுவதால் குறையும். கேமரன் மலையில் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஆண்டுக்கு ஏழு அணு வரை வரும். இமயத்தில் 4,000 மீட்டர் உயரத்தில் நாற்பதைத் தாண்டும்.

முற்றத்தில் வைத்த பாத்திரம்

ஒரே சீராக மழை தூறும் நாளில் முற்றத்தில் ஒரு காலிப் பாத்திரத்தை வைக்கிறோம். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விழும் என்பது தெரியும். பிறகு வந்து பாத்திரத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்த்தால், வைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடலாம். இந்த முறை முழுவதும் இவ்வளவுதான். தூறல் அண்டக் கதிர், பாத்திரம் குவார்ட்ஸ், நீர் பெரிலியம்-10.

இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. பாத்திரம் காலியாகத் தொடங்கியிருக்க வேண்டும். நடுவில் யாரும் மூடியிருக்கக் கூடாது. ஒழுகக் கூடாது, அல்லது ஒழுகும் வேகம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒழுகல் கவலை இங்கே சிறிது. பெரிலியம்-10 கதிரியக்கத்தால் அழியும், ஆனால் பாதி அழிய ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டுகள் ஆகும். பத்திருபதாயிரம் ஆண்டுக் கணக்கில் அது பெரிய குறை அல்ல. பாத்திரத்தைக் காலி செய்து வைக்கும் வேலையைத்தான் பனியாறு நமக்காகச் செய்து தருகிறது.

அண்டக் கதிர் பாறைக்குள் அதிக ஆழம் போவதில்லை. சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு மூன்று மீட்டரில் சொற்பமே மிஞ்சும். ஒரு பனியாறு தரைப்பாறையை மூன்று மீட்டர் தேய்த்து எடுத்துவிட்டால், பழைய கணக்கெல்லாம் தூளாகப் போய்விடும். புதிதாகத் தெரியும் தளம் ஏறக்குறைய வெறுமையானது. அதற்கு மேல் பல பத்து மீட்டர் பனிக்கட்டி கிடக்கும்வரை கதிர் எட்டாது. பனி விலகும் அன்று எண்ணிக்கை தொடங்குகிறது.

கினாபாலுவில் இதன் மிகப் புதிய தொடக்கம் ஒன்றை நம் காலத்திலேயே பார்த்தோம். 2015 ஜூன் 5 அன்று ரானாவ் பகுதியில் 6.0 அளவில் நிலநடுக்கம் வந்தது. மலையில் பதினெட்டுப் பேர் உயிரிழந்தார்கள். கழுதைக் காதுகளில் ஒன்று முறிந்து விழுந்தது. முறிந்த இடத்தில், அதுவரை பாறைக்குள் புதைந்திருந்த முகம் அன்று முதல் வானம் பார்க்கிறது. பத்தாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் அதில் கல் எடுத்து அணுக்களை எண்ணினால், நாம் வாழ்ந்த காலத்தின் தேதி கிடைக்கும்.

பத்தாலின் பாறைகள்

இந்த முறைக்கான கோட்பாட்டை அமைத்தவர்களில் முதன்மையானவர் ஓர் இந்தியர் என்பதைப் பெருமையோடு சொல்லலாம். வாராணசியில் பிறந்த தேவேந்திர லால் (1929–2012) பம்பாயில் டாட்டா நிறுவனத்தில் அண்டக் கதிர் ஆய்வில் தொடங்கி, பின்னர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானவர். எந்த உயரத்தில், எந்த அட்சரேகையில், எவ்வளவு அணு உண்டாகும் என்று அவர் 1991இல் வெளியிட்ட கணக்கு, இத்துறையில் எல்லோரும் கையாண்ட அடிப்படை ஆயிற்று.

அதை இமயத்தில் பயன்படுத்திய ஒரு நல்ல எடுத்துக்காட்டு, 2001இல் வெளியான லாஹுல் ஆய்வு. லூயிஸ் ஓவன் தலைமையிலான குழு அதைச் செய்தது. மிலாப் சர்மா அதில் பங்கேற்ற இந்திய ஆய்வாளர். இமாசலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ரோத்தாங் கணவாய் தாண்டினால் லாஹுல். சந்திரா ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. மழை நிழல் பகுதி என்பதால் மரம் அரிது, பாறையும் சரளையும் வெட்டவெளியில் கிடக்கும். மேலே குன்சும் கணவாய் ஏறுவதற்கு முன் வரும் இடம் பத்தால். அங்கே பள்ளத்தாக்கின் ஓரங்களில் நீளமான சரளை மேடுகள் உண்டு. பனியாறு சுமந்து வந்து தன் விளிம்பில் குவித்துவிட்டுப் போனவை. இவற்றைப் படிவுக்கரை என்று அழைப்போம். கரையின் முகட்டில் பெரும்பாறைகள் உட்கார்ந்திருக்கும்.

எந்தப் பாறையையும் எடுத்துவிட முடியாது. ஆள் உயரமாவது இருக்க வேண்டும், சின்னக் கல் புரண்டிருக்கும். முகட்டில் இருக்க வேண்டும், சரிவில் இருப்பது உருண்டு வந்திருக்கும். உச்சி தட்டையாக இருந்தால் நல்லது. பழைய மெருகு ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, அந்த முகம் தேயவில்லை என்பதற்கு அது சாட்சி. உளியும் சுத்தியலும் கொண்டு மேலிருந்து சில சென்டிமீட்டர் தடிமனுக்கு ஒரு கிலோ அளவு பெயர்ப்பார்கள். உயரத்தையும் இடத்தையும் குறிப்பார்கள். பிறகு பாறைமேல் நின்று சுற்றிலும் தொடுவானத்தின் கோணத்தை அளப்பார்கள். எதிர்மலை வானத்தில் எவ்வளவு பங்கை மறைக்கிறதோ அவ்வளவு கதிர் குறையும்.

கோடியில் ஒன்றல்ல, லட்சம் கோடியில் ஒன்று

ஆய்வுக்கூடத்தில் கல்லை மணலாக உடைத்துச் சலிப்பார்கள். காந்தத்தால் இரும்புக் கனிமங்களை நீக்குவார்கள். பிறகு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் பலமுறை கழுவுவார்கள். ஃபெல்ஸ்பார் கரையும். குவார்ட்ஸ் மணியின் வெளித்தோலும் சிறிது கரையும். அந்தத் தோலைக் கரைப்பது முக்கியம், ஏனென்றால் காற்றிலேயே உண்டாகி மழைநீரோடு வந்து ஒட்டிய பெரிலியம்-10 அதில் இருக்கும். நமக்கு வேண்டியது மணியின் உள்ளேயே உண்டானது மட்டும்.

மிஞ்சும் தூய குவார்ட்ஸ் நாற்பது கிராம் என்று வையுங்கள். அதைக் கரைத்து, கால் மில்லிகிராம் சாதாரண பெரிலியம்-9 சேர்க்கிறார்கள். தனியாகக் கையாள முடியாத அளவுக்குக் குறைவான அணுக்களை இந்தத் துணையோடு சேர்த்துத்தான் பிரித்தெடுக்க முடியும். கடைசியில் கிடைக்கும் துளி வெள்ளைப் பொடியில் லட்சம் கோடி பெரிலியம்-9 அணுவுக்கு ஒன்றிரண்டு பெரிலியம்-10 அணுதான் இருக்கும். சேர்த்தது எவ்வளவு என்று தெரியும், விகிதத்தை அளந்தால் மற்றது தெரியும். அந்த விகிதத்தை எண்ணுவது முடுக்கி நிறைமானி. அணுக்களை மின்புலத்தால் வேகமாக்கி, காந்தத்தால் வளைத்து, எடைக்கு ஏற்பப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணும் பெரிய கருவி. புது தில்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுவோம். புரிவதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு கிராம் குவார்ட்ஸில் 6,00,000 பெரிலியம்-10 அணுக்கள் இருப்பதாகக் கருவி சொல்கிறது. அந்த உயரத்தில் ஆண்டுக்கு 45 அணு உண்டாகிறது. 6,00,000ஐ 45ஆல் வகுத்தால் சுமார் 13,300. பாறை வானம் பார்த்து ஏறக்குறைய 13,300 ஆண்டுகள். இந்தக் காலத்தில் அழிந்துபோன அணுக்களுக்கான திருத்தம் நூறு ஆண்டுக்கும் குறைவு.

இனி மூடியைக் கவனிப்போம். லாஹுலில் குளிர்காலத்தில் பனி விழும். ஆண்டில் நான்கு மாதம் பாறைமேல் ஒரு மீட்டர் பனி கிடந்தது என்றால், உற்பத்தி ஐந்தாறு சதவீதம் குறையும். அப்படியானால் உண்மையான வயது 14,100 அளவில் இருக்கும். ஒரு மீட்டர் பனி எண்ணூறு ஆண்டை மாற்றுகிறது. காற்று பனியை அடித்துக்கொண்டு போகும் உயரமான பாறை உச்சிகளை ஆய்வாளர்கள் தேடிப் போவது இதனால்தான்.

பாறை தவறாகச் சொல்லும்போது

இரண்டு வகையில் பாறை நம்மைத் திசைதிருப்பும். ஒரு கல் பனியாற்றில் ஏறுவதற்கு முன்பே மலைமுகட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டு வெயிலில் கிடந்திருக்கலாம். பனி அதைத் தேய்க்காமல் மேலேயே சுமந்து வந்தால், பழைய அணுக்களோடு வந்து உட்காரும். வயது கூடுதலாக வரும். இன்னொரு கல் படிவுக்கரை மண்ணுக்குள் புதைந்திருந்து, மேல்மண் கரைந்த பிறகு தாமதமாக வெளிவந்திருக்கலாம். வயது குறைவாக வரும்.

ஆகவே ஒரு கல்லை யாரும் நம்புவதில்லை. ஒரே கரையில் பல பாறைகளை எடுத்து, வயதுகள் எங்கே ஒன்றுகூடுகின்றன என்று பார்க்கிறார்கள். கூட்டத்திலிருந்து விலகி நிற்பதற்குக் காரணம் தேடுகிறார்கள். லாஹுல் குழு பெரிலியம்-10 மட்டுமல்லாமல், அதே குவார்ட்ஸில் சிலிக்கான் சிதறி உண்டாகும் அலுமினியம்-26ஐயும் அளந்தது. அது பெரிலியம்-10ஐவிட ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமாக உண்டாகும், பாதி காலத்தில் அழியும். நடுவில் நீண்டகாலம் புதைந்திருந்த கல் என்றால் இரண்டின் விகிதம் கலைந்திருக்கும்.

ஆண்டுக்கு எத்தனை அணு என்ற எண்ணும் கல்லில் எழுதி வைத்ததல்ல. வேறு வழியில் வயது தெரிந்த இடங்களில் அளந்து பெற்றது. 1989இல் நிஷிஸூமியும் அவரது குழுவினரும், அதில் லாலும் உண்டு, கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் பனியாறு மெருகேற்றிய பாறைகளில் அதை அளந்தார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் அளந்து எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள். இதனால் பழைய ஆய்வுகளின் வயதுகளை இன்று புதிய வீதத்தில் மறுகணக்குப் போட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள். அணு எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, வகுக்கும் எண் மட்டும் துல்லியமாகிக்கொண்டே வருகிறது.

குளிர் மட்டும் பனியை வளர்க்காது

லாஹுல் பாறைகள் சொன்னது என்ன? பத்தால் கட்டம் என்று பெயரிட்ட பெரிய பனியாறு பள்ளத்தாக்கு முழுவதும் பரவிக் கிடந்தது. அதன் படிவுக்கரைகளின் வயது, 2001 கணக்கின்படி, 15,500 முதல் 12,000 ஆண்டுகள். 12,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பனி விலகி முடிந்திருந்தது. பிறகு 11,400 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் குல்தி கட்டத்தில் பனியாறுகள் மறுபடி வளர்ந்து, இன்றிருக்கும் இடத்தைவிடப் பத்து கிலோமீட்டர் முன்னால் வந்தன.

இதில் வியப்பு இருக்கிறது. உலகம் மிகக் குளிர்ந்திருந்தது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன். லாஹுல் பனியாறு நிமிர்ந்து நின்றதோ உலகம் சூடாகத் தொடங்கிய பிறகு. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் தென்மேற்குப் பருவக்காற்று. கோடை வெயில் வலுத்த காலத்தில் பருவக்காற்றும் வலுத்து வடக்கே உள்ளே சென்றது. சமவெளியில் அது மழை, அந்த உயரத்தில் பனி. பனியாறு வளர இரண்டும் வேண்டும்: உருகாமலிருக்கக் குளிர், உணவாகப் பனிப்பொழிவு. குளிர் கடுமையாக இருந்து காற்று வறண்டிருந்தால் பனியாறு மெலியும்.

தேதி தெரியாமல் இந்த உண்மை தெரிந்திருக்காது. படிவுக்கரையை மட்டும் பார்த்தவர்கள், பெரிய பனி என்றால் பெரிய குளிர்காலம் என்று எல்லா மலைகளையும் ஒரே தேதியில் அடைத்திருப்பார்கள். ஒவ்வொரு மலையும் தன் காற்றுக்கும் உயரத்துக்கும் ஏற்ப நடந்துகொண்டது என்பதைப் பாறைகளைத் தனித்தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இமயத்தின் பனி இன்று வேகமாகப் பின்வாங்கும்போது, எந்தப் பள்ளத்தாக்கு வெப்பத்துக்கு அஞ்சும், எது பருவக்காற்றின் மாற்றத்துக்கு அஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல இந்தப் பழைய தேதிகள் தேவைப்படுகின்றன. சந்திரா ஆறு செனாப் ஆகி ஓடுகிறது. அதன் கரைகளில் வாழ்பவர்களுக்கு இது வாழ்வாதாரக் கேள்வி.

பனியில்லாத மலைக்கு இதே அணு

பனியே பார்க்காத தேயிலை மலைக்கும் இந்த முறை வேலை செய்யும். அங்கே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். மலை மெல்லக் கரைந்தால், ஒவ்வொரு குவார்ட்ஸ் மணியும் மேல்பரப்பை நெருங்கி நீண்ட காலம் கதிரில் கிடந்து, பிறகே ஆற்றுக்குப் போகும். அதில் பெரிலியம்-10 நிறைய இருக்கும். மலை வேகமாகக் கரைந்தால் குறைவாக இருக்கும். ஆற்று மணலில் ஒரு பிடி எடுத்து அளந்தால், அந்த மலை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எந்த வேகத்தில் கரைந்தது என்று தெரியும்.

இலங்கை மலையகத்தில் மேல் மகாவலிப் பகுதியில் ஹேவாவசம், ஃபான் பிளாங்கன்பர்க் ஆகியோர் இதைச் செய்து 2003இல் வெளியிட்டார்கள். இயற்கையாக அந்த மலை கரைவது மிக மெதுவாக, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில். இன்று சாகுபடிச் சரிவுகளிலிருந்து ஆறுகள் அள்ளிச் செல்லும் மண் அதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை. நம் முன்னோர் தேயிலைக்காகக் காடழித்து ஏறிய அதே மலைகள் அவை.

கேமரன் மலையின் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் உண்டு, மழை அதே வெப்பமண்டல மழை. ரிங்லெட் நீர்த்தேக்கம் 1960களில் கட்டப்பட்டது. மேலேயுள்ள சரிவுகளிலிருந்து வரும் மண் அதை நிரப்பிக்கொண்டே வருவது எல்லோரும் அறிந்தது. அந்த மண்ணை உண்டாக்க மழைக்கும் பாறைக்கும் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆயின என்ற கணக்கு கையில் இருந்தால், ஒரு சரிவை வெட்ட அனுமதி கேட்பவரிடமும் கொடுப்பவரிடமும் ஒரு எண்ணைக் காட்டிப் பேச முடியும். அணையில் ஓராண்டில் சேரும் மண் ஒரு பக்கம், மலை அதே அளவு மண்ணை ஈடு செய்யப் பிடிக்கும் காலம் மறு பக்கம். எந்தச் சரிவைச் சாகுபடிக்கு விடலாம், எதைக் காடாகவே விட வேண்டும் என்று முடிவு செய்ய அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.